கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கிரேக்கத் தொன்மக் கதைகளை வகுப்பில் எப்படிக் கொண்டுசெல்வது?

கேள்வி: ஆசிரியை, பாம்பன் பகுதி

அனைவருக்கும் வணக்கம். பாம்பனை அடுத்த ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலமும் சமூக அறிவியலும் எடுக்கிறேன். வாரத்தில் ஒரு நூலகப் பாடவேளை என் பொறுப்பில் உள்ளது. பிற நாட்டார் கதைகளும் நம் பிள்ளைகள் காதில் விழ வேண்டும் என்னும் ஆசையால், இந்த ஆண்டு அந்த வேளையில் கிரேக்கத் தொன்மக் கதைகளைச் சொல்லத் தொடங்கினேன்.

முதல் வகுப்பு சரியாக அமையவில்லை. ஒலிம்பஸ் மலையின் பன்னிரு தெய்வங்களையும் அவரவருக்கு உரியவற்றையும் கரும்பலகையில் அட்டவணையாக எழுதி, குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். பத்து நிமிடத்தில் பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள். போசைடன் கடலுக்கு உரியவன் என்று சொன்னபோது மட்டும் கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்து, “டீச்சர், அவருக்கு எந்தக் கடல்? வடகடலா, தென்கடலா?” என்று கேட்டான். மிக நல்ல கேள்வி என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை.

என் வகுப்பில் 38 பேர். பெரும்பாலோர் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள். சிலருடைய தாய்மார் தீவுகளுக்குப் பாசி எடுக்கப் போகிறவர்கள். மூன்று மதத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். “வேற ஊரு சாமியை எதுக்குச் சொல்லிக் குடுக்குறீங்க?” என்று ஒரு தாயார் கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். படம் வரைவது, வேடம் போடுவது ஆகியவற்றைத் தாண்டி, பிள்ளைகள் தாங்களே யோசித்துப் பேசும்படியான செயல்பாடுகள் எவை? எந்தக் கதையிலிருந்து தொடங்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தொண்டி

அன்புள்ள ஆசிரியைக்கு வணக்கம். அந்த மாணவன் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குங்கள் அம்மா. அதற்குக் கிரேக்கர்களிடம் பதில் இருக்கிறது. ஜீயஸ், போசைடன், ஹேடிஸ் ஆகிய சகோதரர் மூவரும் உலகைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள் என்று ஹோமரின் இலியட் சொல்கிறது. வானம் ஜீயஸுக்கும், கடல் முழுவதும் போசைடனுக்கும், இறந்தோர் உலகம் ஹேடிஸுக்கும் விழுந்தன. நிலமும் ஒலிம்பஸ் மலையும் மூவருக்கும் பொது. கடலில் கிடைத்த மீன்பாட்டைப் பங்கு பிரிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மூன்று பேரை முன்னே அழைத்துச் சீட்டுக் குலுக்கி எடுக்கச் சொல்லுங்கள். யாருக்கு நல்ல பங்கு விழுந்தது, இறந்தோர் உலகம் விழுந்தவனுக்கு மனக்குறை இருக்காதா, பொதுவில் விட்ட நிலத்தில் சண்டை வந்தால் யார் தீர்ப்பது என்று அவர்களே கேட்பார்கள். அட்டவணையால் முடியாததை அந்த மூன்று சீட்டுகள் செய்துவிடும்.

அடுத்துப் பன்னிரு தெய்வங்களுக்குப் போக வேண்டாம். ஒரே ஒரு கதையை எடுத்து மூன்று வாரம் அதிலேயே இருங்கள். நம் கரைக்கு ஒடிஸியஸின் காற்றுப் பையைவிடப் பொருத்தமான கதை வேறில்லை என்பது என் துணிபு. டிராய்ப் போர் முடிந்து பன்னிரண்டு கப்பல்களுடன் ஊர் திரும்பும் ஒடிஸியஸுக்கு, காற்றுகளின் காவலனான அயோலஸ் ஒரு பை தருகிறான். அது ஒன்பது வயது எருதின் தோலால் ஆனது. அவன் பயணத்தைக் கெடுக்கக்கூடிய காற்றுகளையெல்லாம் அதில் அடைத்து, வெள்ளிக் கயிற்றால் இறுகக் கட்டி, மேல்காற்றை மட்டும் வெளியே வீச விடுகிறான். ஒன்பது நாள் இரவும் பகலும் பாய்க்கயிற்றை வேறு யாரிடமும் கொடுக்காமல் ஒடிஸியஸே பிடித்திருக்கிறான். பத்தாம் நாள் சொந்த ஊரான இதாக்கா தெரிகிறது. கரையில் தீ மூட்டுகிற ஆட்கள்கூடக் கண்ணுக்குத் தெரிகிறார்கள். அந்த நேரத்தில் அசதியில் கண்ணயர்ந்துவிடுகிறான். பையில் பொன்னும் வெள்ளியும் இருப்பதாக எண்ணிய ஆட்கள் கட்டை அவிழ்க்க, எல்லாக் காற்றும் ஒருசேரப் பாய்ந்து கப்பல்களைப் புறப்பட்ட இடத்துக்கே தள்ளிக்கொண்டு போகிறது.

கதையை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, வீட்டில் பாய் வலித்த தாத்தாமாரிடம் காற்றுகளின் பெயர்களைக் கேட்டுவரச் சொல்லுங்கள். கிரேக்கர்களுக்கு வடகாற்று போரியஸ், தென்காற்று நோட்டஸ், கீழ்க்காற்று யூரஸ், மேல்காற்று ஜெஃபிரஸ். நம் பிள்ளைகள் வாடை, சோழகம், கொண்டல், கச்சான் என்று கொண்டுவருவார்கள். ஒவ்வொரு காற்றும் எப்போது வரும், எதைக் கொண்டுவரும், எதைக் கெடுக்கும் என்பதைச் சீட்டில் எழுதி, ஒரு பழைய சாக்கில் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். கட்டும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: நம்மூருக்குத் திரும்ப எந்தக் காற்றை வெளியே விட வேண்டும்? ஒடிஸியஸின் வீடு கிழக்கே இருந்தது, ஆகவே அவனுக்கு மேல்காற்று வேண்டியிருந்தது. தொண்டிக்காரர்கள் கடலுக்குக் கிழக்கே போகிறவர்கள். எங்களை வீடு சேர்ப்பது கொண்டல். இதை ஒரு பிள்ளை தானே கண்டுபிடித்துச் சொல்லும் கணத்துக்காகவே நான் பல ஆண்டுகள் இந்தக் கதையைச் சொன்னேன்.

பிறகு வழக்கு நடத்துங்கள். பையை அவிழ்த்த ஆட்கள் குற்றவாளிகளா, பையில் என்ன இருக்கிறது என்று கூட வந்தவர்களிடம் சொல்லாத தலைவன் குற்றவாளியா? தீர்ப்புக்கு வெள்ளைச் சோழியும் கருங்கல்லும் போதும். ஏதென்ஸ் நகரத்தாரும் ஒரு காலத்தில் கூழாங்கல்லால்தான் வாக்களித்தார்கள். ஒரெஸ்டஸ் என்பவன் மீதான வழக்கில் வாக்குகள் சமமாக விழ, அவன் விடுதலை பெற்றான் என்று அவர்களுடைய நாடகம் ஒன்று சொல்கிறது. அந்த விதியையே வகுப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2: வரலாற்று ஆசிரியர், இராமநாதபுரம்

அந்தத் தாயாரின் கேள்விக்கு மட்டும் என் பங்காகச் சிறிது சொல்கிறேன். வைகை கடலோடு சேரும் இடத்துக்கு அருகில் உள்ள அழகன்குளத்தில் 1986 ஆம் ஆண்டு முதல் மாநிலத் தொல்லியல் துறை பலமுறை அகழாய்வு செய்திருக்கிறது. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது கொண்டுவரப் பயன்பட்ட ஆம்போரா சாடிகளின் ஓடுகளும், ரோமானியக் காசுகளும், கப்பல் உருவம் கீறிய ஒரு பானை ஓடும் அங்கே கிடைத்துள்ளன. யவனர், அதாவது கிரேக்க, ரோமானிய நாட்டார், கொண்டுவந்த மதுவைப் பாண்டிய மன்னன் அருந்தியதைப் புறநானூற்றின் 56 ஆம் பாட்டு பேசுகிறது. நம் கரைக்கு வந்துபோனவர்கள் இரவில் தங்களுக்குள் என்ன கதை பேசியிருப்பார்கள் என்று பிள்ளைகள் தெரிந்துகொள்கிறார்கள், இதில் வழிபாடு ஏதும் இல்லை என்று அந்தத் தாயாரிடம் சொல்லலாம்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஹோமரின் காவியங்கள் அழகன்குளத்து வணிகத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. ஆகவே ஒடிஸியஸ் நம் ஊருக்கு வந்தான் என்பதுபோல் ஒரு சொல்லும் வகுப்பில் வந்துவிடக் கூடாது. மற்றொன்று, போசைடன்தான் நம் வருணன் என்று சமன் போடுவது. போசைடன் நிலநடுக்கத்துக்கும் குதிரைக்கும்கூட உரியவன். தன் மகனான ஒற்றைக்கண் பாலிஃபீமஸின் கண்ணைக் குருடாக்கியதற்காக ஒடிஸியஸை ஆண்டுக்கணக்கில் பகைத்தவன். இந்த வேறுபாடுகளில்தான் பிள்ளைகள் யோசிப்பதற்கு இடம் இருக்கிறது. ஒன்று என்று சொல்லிவிட்டால் யோசனை நின்றுவிடும்.

கோலம் போடத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் கிரீட் தீவின் புதிர்வழிக் கதையையும் எடுக்கலாம். தீசியஸ் என்ற இளைஞன், எருதுத் தலையும் மனித உடலும் கொண்ட மினோட்டாரைக் கொல்ல உள்ளே போகிறான். அந்தத் தீவின் இளவரசி அரியாட்னி கொடுத்த நூலைப் பிடித்து வெளியே வருகிறான். கிரீட்டின் நாசஸ் நகரக் காசுகளில் ஏழு சுற்றுள்ள புதிர்வழி பொறித்திருக்கிறது. நம் நாட்டில் ஏழு சுற்றுக் கோட்டை என்று வரைவதும் அதே அமைப்புதான். மணலில் அதைப் பெரிதாக வரைந்து நடக்கவிட்டால், கிளைவழியே இல்லாத ஒற்றை வழி என்பதால் யாரும் வழி தவறவே முடியாது என்பது பிள்ளைகளுக்குத் தெரியவரும். அப்படியானால் தீசியஸுக்கு நூல் எதற்கு என்ற கேள்வியை நீங்கள் கேட்காதீர்கள், அவர்கள் கேட்கட்டும்.

மறுமொழி 3: தலைமையாசிரியை, மண்டபம் பகுதி

தீசியஸ் கதையின் முடிவைப் பற்றி நான் எச்சரித்தே ஆக வேண்டும். உயிரோடு திரும்பினால் வெள்ளைப் பாய் ஏற்றுவதாகத் தந்தை ஈஜியஸிடம் சொல்லிச் சென்ற தீசியஸ், மறந்துபோய்க் கறுப்புப் பாயுடனே வருகிறான். தூரத்தில் அதைக் கண்ட தந்தை உயிரை விடுகிறார். ஈஜியன் கடலுக்கு அதனால்தான் அந்தப் பெயர் என்பார்கள். நான் இளம் ஆசிரியையாக இருந்தபோது, காகிதக் கப்பலில் கறுப்புப் பாய் ஒட்டி, பிள்ளைகளைக் கரையில் காத்திருப்பவர்களாக நிற்கவைத்து இந்தக் காட்சியை நடத்தினேன். நடுவில் ஒரு சிறுமி யாரிடமும் எதுவும் சொல்லாமல் வெளியே போய், தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றாள். கடலுக்குப் போன அவளுடைய தந்தை திரும்பவில்லை என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அறிந்திருக்க வேண்டியது என் கடமை. அந்தக் குழாயடி இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

நம் பகுதியில் கடல் கதைகளை எடுக்கும் முன், வகுப்பாசிரியரிடம் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு நிலையையும் கேட்டுக்கொள்ளுங்கள். தந்தையை இழந்த பிள்ளை இருக்கலாம். கடலில் பிடிபட்டு மாதக்கணக்கில் வீடு திரும்பாத தந்தையும் இருக்கலாம். அதற்காகக் கடல் கதைகளையே விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒடிஸியஸின் கதையைச் சொல்லும் ஹோமரின் ஒடிஸி காவியத்தில் முதல் நான்கு காண்டங்களும் அவன் மகன் டெலிமாக்கஸைப் பற்றியவை. கைக்குழந்தையாக இருந்தபோது போன தந்தைக்காக இருபது ஆண்டு காத்திருப்பவன் அவன். டெலிமாக்கஸ் தந்தைக்குக் கடிதம் எழுதினால் என்ன எழுதுவான் என்று கேட்டு, எழுத விரும்புகிறவர்கள் மட்டும் எழுதலாம், யாரும் வாசித்துக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சில பிள்ளைகளுக்கு அந்த ஒரு பக்கம் மிகவும் தேவையாக இருக்கும். மதிப்பெண் போடாதீர்கள், பிழை திருத்தாதீர்கள்.

கேள்வி கேட்டவரின் பதில்: ஆசிரியை, பாம்பன் பகுதி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. தலைமையாசிரியை அம்மா சொன்னபடி முதலில் வகுப்பாசிரியரிடம் பேசினேன். எனக்குத் தெரியாத இரண்டு வீடுகளைப் பற்றித் தெரிந்துகொண்டேன். கறுப்புப் பாயை இந்த ஆண்டு எடுக்கப் போவதில்லை.

முதல் இரண்டு வாரங்களில் சீட்டுப் பங்கீட்டையும் காற்றுப் பையையும் நடத்தினேன். எந்தக் காற்றை வெளியே விடுவது என்ற கேள்வியில் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. தெற்கே போய்த் தொழில் செய்கிற வீட்டுப் பிள்ளைகள், கரை சேர்ப்பது சோழகம்தான் என்றார்கள். வடகடல் பிள்ளைகள் வாடை இல்லாமல் எப்படித் திரும்புவது என்று எழுந்து நின்றார்கள். தீவில் இரண்டு பக்கமும் கடல் இருக்கும்போது ஒரே பை எப்படிப் போதும் என்று ஒரு மாணவி கேட்க, இரண்டு சாக்குகள் கட்டினோம். எந்தக் கடல் என்று முதல் நாள் கேட்ட அதே மாணவன் தென்கடல் சாக்குக்குத் தானே முடிச்சுப் போட்டான்.

வழக்கு மறுவாரம் நடந்தது. தலைவனாக இருந்த மாணவனை மேசையில் தலை கவிழ்ந்து தூங்கச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் பையை அவிழ்ப்பதா வேண்டாமா என்று ஐந்து நிமிடம் கிசுகிசுப்பாக மட்டும் பேசலாம் என்று விதி வைத்தேன். எப்போதும் வாய் திறக்காத ஒரு சிறுமி, “ஒன்பது நாளா ஒருத்தரையும் கயிறு புடிக்க விடல, நம்மள நம்பலன்னுதானே அர்த்தம்?” என்றாள். அந்த வாதம் பலரை மாற்றியது. அன்று வந்திருந்த 36 பேரில் ஆட்களுக்கு எதிராக 18, ஆதரவாக 18. ஒரெஸ்டஸ் விதிப்படி விடுதலை. தலைவனாக நடித்தவன் மட்டும் மனம் ஆறாமல், பாடவேளை முடிந்த பிறகும் கற்களை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை ஒரு மாணவியின் தாத்தா பள்ளி வாசலுக்கு வந்திருந்தார். பேத்தி வீட்டில் சொன்னதைக் கேட்டுவிட்டு, கொண்டல் சீட்டில் மழையை எழுதவில்லையாமே என்று கேட்டார். சாக்கை எடுத்துவந்து கட்டை அவிழ்த்தோம். அவர் சொல்லச் சொல்லப் பேத்தி அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். பிறகு அவரே வேறொரு முடிச்சுப் போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.