பாட்டியின் போனில் விளையாடும் பையன்: வழி சொல்லுங்கள்

வணக்கம். மகன் மூன்றாம் வகுப்பு. நாங்கள் வேலை முடிந்து வர இரவு ஏழாகிவிடும். அதுவரை என் அம்மாவின் போன்தான் அவன் கையில். போன வாரம் ஒரு கேமில் யாரோ "எந்த ஸ்கூல்? போட்டோ அனுப்பு" என்று கேட்டிருக்கிறார்கள். நல்லவேளை, அவனே வந்து சொன்னான். நான் திட்டவில்லை; திட்டினால் அடுத்த முறை சொல்லவே மாட்டான். கேமில் சாட் வசதியை அணைத்தேன், 1098 குழந்தைகள் உதவி எண்ணையும் சேமித்து வைத்தேன்.

என் பழைய டேப்பில் யூடியூப் கிட்ஸ் போட்டு, நான் தேர்ந்தெடுத்த சேனல்கள் மட்டும் வரும்படி வைத்திருக்கிறேன். ஆனால் அம்மாவின் ஆண்ட்ராய்டு போனில் அவருடைய வாட்ஸ்அப், யுபிஐ எல்லாம் இருக்கிறது. ஃபேமிலி லிங்க் (பிள்ளைகளின் போன் பயன்பாட்டைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் கூகுள் ஆப்) போட்டால் அவருக்கும் தொல்லை ஆகுமா? ஆப் பின்னிங் (ஒரே ஆப் மட்டும் திரையில் நிற்கும்படி பூட்டுவது) செய்து கொடுத்தேன். லாக் நம்பரைப் பார்த்து வைத்துக்கொண்டு திறந்துவிடுகிறான். அறுபத்தைந்து வயது அம்மா தானே செய்யக்கூடிய எளிய வழி யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்களேன்.