அந்த நிலம் சும்மாவா கிடைத்தது?

கரிசல்காட்டான்:
“அமெரிக்காவின் மேற்கு எல்லைக்கு மக்கள் குடிபெயர்ந்தது அரசு 160 ஏக்கரைச் சும்மா கொடுத்ததால்தான், வேறு காரணம் தேட வேண்டியதில்லை” என்று நிலவன் நேற்று தீர்ப்பே எழுதிவிட்டார். அந்த 160 ஏக்கரைக் குடியேறுவோருக்குத் தந்த 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி மனுப்போடும்போது 12 டாலரும், ஐந்தாண்டு குடியிருந்து பட்டா வாங்கும்போது 6 டாலரும் ஆக 18 டாலர் கட்ட வேண்டியிருந்தது. இதுவா சும்மா?

நிலவன்:
அரசு நிலத்தின் வழக்கமான விலை ஏக்கருக்கு 1.25 டாலர் என்பதால், அதே 160 ஏக்கரை வாங்கப் போனால் 200 டாலர் ஆகியிருக்கும். அதை 18 டாலருக்குக் கொடுத்ததைச் சும்மா என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வதாம்?

கரிசல்காட்டான்:
18 டாலர் என்று சொல்லுங்கள், போதும். உழவுமாடு, கலப்பை, விதை, முதல் அறுவடை வரைக்குமான சாப்பாடு ஆகியவற்றையும் லிங்கன் கையெழுத்துப் போட்டு அனுப்பினாரா? நெப்ராஸ்காவில் மரம் அரிது என்பதால் புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டிச் சுவர் எழுப்பினார்கள். மழை நின்ற பிறகும் கூரை ஒழுகிக்கொண்டிருக்கும், அடுப்புக்கு உலர்ந்த சாணம்தான். மேலும் 1843இலேயே ஏறத்தாழ ஆயிரம் பேர் வண்டிகட்டி மேற்குக் கரையிலுள்ள ஓரிகனுக்குப் போனார்களே, பத்தொன்பது ஆண்டு கழித்து வரப்போகும் சட்டத்தைக் கனவில் கண்டா போனார்கள்?

நிலவன்:
கனவில் இல்லை, செனட்டில் கண்டார்கள். குடியேறுவோருக்கு 640 ஏக்கர் தரும் செனட்டர் லின்னின் மசோதா அதே 1843இல் செனட்டில் நிறைவேறியது. கீழவையில் அது தேறவில்லை என்றாலும் அந்த நம்பிக்கையில்தான் பலர் புறப்பட்டார்கள், 1850இல் ஓரிகனில் நிலம் தருவதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. கலிபோர்னியாவில் தங்கம் முதலில் அகப்பட்டது 1849இல்தான் என்று சென்ற மாதம் சாதித்தவரிடம் ஆண்டுக் கணக்கு பேசுவது என் தவறுதான்.

கரிசல்காட்டான்:
1848 ஜனவரி என்று அன்றைக்கே திருத்திவிட்டேன். நீங்கள்தான் இன்னும் ‘சும்மா’வை 18 டாலர் என்று திருத்தவில்லை.

பொன்னி:
இருவரும் கட்டணத்தையே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள், அது யாருடைய நிலம் என்று ஒருவரும் கேட்கவில்லை. 1889 ஏப்ரல் 22 நண்பகலில் ஓக்லஹோமாவில் ஆயிரக்கணக்கானோர் குதிரையில் பாய்ந்து பிடித்தது கிரீக், செமினோல் பூர்வகுடி மக்களிடமிருந்து வாங்கப்பட்ட மண். 1879இல் மிசிசிப்பியிலிருந்தும் லூசியானாவிலிருந்தும் கான்சாசுக்குப் போன கறுப்பின மக்களோ நிலத்தை மட்டும் நாடிப் போகவில்லை, வெள்ளையர் வன்முறைக்குத் தப்பி ஓடினார்கள்.

கரிசல்காட்டான்:
நியாயமான கேள்விதான். ஆனால் அவர்களில் ஹோம்ஸ்டெட் மனுப்போட்டவர்களும் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

பொன்னி:
உயிருக்கு ஓடியவர்களிடமும் ரசீது கேட்கிறீர்களே, ஐயா!

நிலவன்:
அவர் அப்படித்தான். பொன்னி அவர்களே, நீங்கள் சொல்லும் ஓக்லஹோமா நிலத்துக்கும் ஆள் பாய்ந்தது அது சும்மா கிடைத்ததால்தானே?

கரிசல்காட்டான்:
மறுபடியும் சும்மாவா! ரயில் கம்பெனிகள் அரசு தந்த நிலத்தை விலைபோட்டு விற்க ஜெர்மனிக்கும் ஸ்வீடனுக்கும் ஆளனுப்பி விளம்பரம் செய்தன, அதைக் காசு கொடுத்து வாங்கவும் குடும்பங்கள் கப்பலேறி வந்தன. ஹோம்ஸ்டெட் மனுதாரர்களிலேயே பலர் ஐந்தாண்டு காத்திராமல் ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டிப் பட்டாவை முன்னதாகவே வாங்கிக்கொண்டார்கள். சும்மா கிடைப்பதற்கு எவராவது 200 டாலர் கட்டுவாரா?

நிலவன்:
அவசரக்காரர்கள் கட்டினார்கள். காத்திருந்தவர்களுக்குச் சும்மாதான் கிடைத்தது.

கரிசல்காட்டான்:
18 டாலருக்குக் கிடைத்தது.