கெண்டை, ஜிலேபி மீனுக்குத் தடுப்பூசி: நம்ம பக்கம் தேவையா, வெட்டிச் செலவா?

குட்டைக்காரன் (பாலக்கோடு):
போன வாரம் ஒரு தீவனக் கம்பெனிக் கூட்டம். பேச வந்தவர், “கோழிக்குப் போடுற மாதிரி மீனுக்கும் தடுப்பூசி வரப்போகுது, இனிமே குஞ்சு வாங்கும்போதே கேட்டு வாங்குங்க”ன்னார். சாப்பாடு நல்லா இருந்ததால சும்மா கேட்டுட்டு வந்துட்டேன். பண்ணைக்குட்டையில கட்லா, ரோகு, மிர்கால் விட்டு வருசத்துக்கு ஒரு தடவை வலை இழுக்கிறவன் நான். ஒவ்வொண்ணாப் பிடிச்சு ஊசி போட யாருக்கு ஆள் இருக்கு? புண்ணு வந்தா சுண்ணாம்பு, கல் உப்பு, கொஞ்சம் புதுத் தண்ணி. இதுக்கு மேல என்னங்க வேணும்?

தென்பெண்ணை:
அண்ணா, இது நேத்து வந்த சமாசாரம் இல்ல. 1942லயே கனடாவுல டிரவுட் மீனுக்குச் செத்த பாக்டீரியாவைத் தீவனத்துல கலந்து கொடுத்துப் பார்த்திருக்காங்க. 1976ல அமெரிக்காவுல முதல் மீன் தடுப்பூசிக்கு உரிமம் கிடைச்சுது. நார்வேக்காரங்க 1987ல சால்மன் பண்ணைகள்ல கொட்டின ஆன்டிபயாடிக் ஏறக்குறைய 50 டன். தடுப்பூசி வந்த பிறகு அது ஒரு டன்னுக்குப் பக்கத்துல இறங்கிடுச்சு. மீன் உற்பத்தியோ பத்து லட்சம் டன்னைத் தாண்டிப் போயிடுச்சு. சுண்ணாம்பு போட்டு யாராவது இப்படிக் காட்டியிருக்காங்களா?

சின்னாறு:
எங்க பேசினாலும் நார்வேயைக் கொண்டு வந்துடுறாங்கப்பா. அதே சால்மன், சிலி நாட்டுல என்ன கதை? அங்கயும் தடுப்பூசி போடுறாங்க, ஆனா பிசிரிக்கெட்சியா கிருமி அடங்கல. வருசத்துக்கு நூற்றுக்கணக்கான டன் ஆன்டிபயாடிக் இன்னும் போகுது. அந்தக் கிருமி செல்லுக்குள்ளயே ஒளிஞ்சு வாழும், தடுப்பூசி உண்டாக்குற எதிர்ப்பு அங்க சரியா எட்டாது. நம்மூர்க் கதை வேற. ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலாங்கிற பாக்டீரியா எல்லாக் குளத்துலயும் எப்பவும் இருக்கு. அதுல எத்தனையோ ரகம், ஒண்ணுக்குச் செஞ்சது இன்னொண்ணுக்குப் பிடிக்காம போகலாம். மீன் நல்லா இருக்கிற வரைக்கும் அது சும்மா கிடக்கும். விடிகாலையில ஆக்சிஜன் இறங்கி மீனெல்லாம் மேல வந்து வாய் பிளக்குது பாருங்க, அப்பதான் வேலையைக் காட்டும். கெலவரப்பள்ளி அணையில நுரை பொங்கி வர்ற தண்ணிக்கு எந்த ஊசி போடுவீங்க?

தீவனக்கடை (காவேரிப்பட்டணம்):
ரெண்டு பேருமே சுத்தி வளைக்கிறீங்க. ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஆன்டிபயாடிக் பொடியைத் தீவனத்துல கலந்து சில நாள் போட்டா முடிஞ்சு போச்சு. அதுவும் சகாயம்.

நாற்றங்கால் (பாரூர்):
அண்ணே, நோய் வந்த மீன் முதல்ல நிறுத்துறதே தீனியைத்தான். அப்ப மருந்தைத் தின்னுறது நோய் வராத மீன். மிச்சம் கரைஞ்சு சேத்துல இறங்கி, மருந்தைத் தாங்குற கிருமியை வளர்க்கும். மீன் சதையில டெட்ராசைக்ளின் எச்சம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வெச்சிருக்கு. மருந்தை நிறுத்தி எத்தனை நாள் கழிச்சு வலை போடணும்னு கடையில யாருக்காவது சொல்லியிருக்கீங்களா?

தீவனக்கடை (காவேரிப்பட்டணம்):
கேட்டாச் சொல்லுவேன். யாரும் கேக்கிறதில்ல.

நாற்றங்கால் (பாரூர்):
சரி, ஊசி விசயத்துக்கு வரேன். நான் மீன்வளம் படிச்சவன், குஞ்சு வளர்க்கிற பண்ணையில வேலை. எல்லாரும் ஊசி, ஊசின்னு ஊசியையே பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க. வயித்துல குத்துறது ஒரு வழிதான். மருந்துத் தண்ணியில முக்கி எடுக்கிறது இன்னொரு வழி, தீவனத்துல கொடுக்கிறது மூணாவது. டிரவுட்டுக்கு முக்குற மருந்துல ஒரு லிட்டரை ஒன்பது லிட்டர் தண்ணியில கலந்து, அரை நிமிசம் முக்கி எடுத்தா 100 கிலோ குஞ்சுக்குக் காணும். ஒரு குஞ்சு 5 கிராம்னா 20,000 குஞ்சு. இதைக் குட்டைக்காரர் செய்யவே வேண்டாம். விரலளவுக்கு வளர்த்து, பாக்கெட்டுல ஆக்சிஜன் அடைச்சு அனுப்புறோமே, அதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி நாங்க செய்யணும். ரொம்பப் பொடிக் குஞ்சுக்குப் போட்டா உடம்பு அதை ஞாபகம் வெச்சுக்காது. தண்ணிச் சூடும் முக்கியம். எதிர்ப்பு உண்டாக 10 டிகிரியில 40 நாள் ஆகுற வேலை, நம்ம 28 டிகிரியில ரெண்டே வாரத்துல முடிஞ்சுடும். மார்கழிக் குளிர்ல ஓசூர் பக்கம் போட்டா இன்னும் இழுக்கும்.

குட்டைக்காரன் (பாலக்கோடு):
தம்பி, இங்கதான் எனக்கு இடிக்குது. ராத்திரி வண்டியில பாக்கெட் வருது. டார்ச் அடிச்சுப் பார்த்தா எல்லாம் வெள்ளையா நெளியுது. கட்லான்னு காசு வாங்கிட்டுப் பாதிக்கு மிர்காலைக் கலந்துடுறாங்க. எண்ணிக்கையும் குறையும். ஒரு வருசம் போட்டதுல பாதிக்கு மேல எந்த மீன்னே தெரியாம வளர்ந்துச்சு, யார் வித்ததுன்னு இங்க வேணாம். ரகத்தையே மாத்துறவன், தடுப்பு மருந்துல முக்குனேன்னு சொன்னா நான் எதை வெச்சு நம்புறது? மீன் முகத்துல எழுதியா இருக்கும்?

தென்பெண்ணை:
தொகுதி எண் போட்ட சீட்டு கேளுங்கண்ணா. விதைநெல்லுக்குக் கேக்கலையா?

குட்டைக்காரன் (பாலக்கோடு):
சீட்டு அச்சடிக்க எவ்வளவு ஆகும்னு எனக்கும் தெரியும் தம்பி.

அரூர் அக்கா:
நான் வளர்க்கிறவ இல்ல, சந்தையில விக்கிறவ. பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுறாங்கன்னு ஒரு பேச்சு கிளம்பி இன்னைக்கு வரைக்கும் அடங்கல. மீனுக்கும் ஊசின்னு காதுல விழுந்தா, “ஊசி போடாத மீன் இருக்கா”ன்னு கேட்டுட்டு அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. இதுக்கு யார் பதில் சொல்றது?

நாற்றங்கால் (பாரூர்):
நியாயமான கேள்விக்கா. அதுல இருக்கிறது பெரும்பாலும் கொன்ன பாக்டீரியா. விரலளவுல இருக்கும்போது ஒரு தடவை. தட்டுக்கு வர எட்டு பத்து மாசம் ஆகும், அதுக்குள்ள சதையில ஒண்ணும் மிஞ்சாது. வலைக்கு முந்தின வாரம் தீவனத்துல கலந்த பொடிக்குத்தான் நீங்க பயப்படணும், அதை யாரும் கேக்கிறதில்ல. ஆனா ஒண்ணையும் மறைக்கல: எண்ணெய் கலந்த ஊசி போட்ட சால்மனுக்கு வயித்துக்குள்ள குடல் ஒட்டிக்கிட்ட கேஸ் நார்வேயிலயே நிறைய.

சின்னாறு:
அதெல்லாம் இருக்கட்டும். இப்ப நம்ம கெண்டைக்கு மருந்து எந்தக் கடையில கிடைக்குது?

நாற்றங்கால் (பாரூர்):
எனக்குத் தெரிஞ்சு கடைக்கு வரல. ஐதராபாத் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் கம்பெனி, புவனேசுவர்ல இருக்கிற சிஃபா, மும்பை சிஃப்னு மத்திய அரசோட ரெண்டு மீன்வள நிறுவனங்களோடயும் சேர்ந்து ஏரோமோனாஸ், எட்வர்சியெல்லா மாதிரிக் கிருமிகளுக்கு மருந்து தயாரிக்கிற வேலையில இருக்கு. வெளிநாட்டுல திலேப்பியாவுக்கு, அதாவது நம்ம ஜிலேபிக்கு, வர்ற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு ஊசி விற்பனையிலயே இருக்கு. எனக்குக் கெண்டையை விட ஜிலேபிதான் கவலை. பாரூர்ல மீன்வளப் பல்கலைக்கழக மையம் வந்த பிறகு கிஃப்ட்ங்கிற வேகமா வளர்ற ரகத் திலேப்பியாவை நெருக்கி வளர்க்கிறவங்க கூடிட்டாங்க. கண்ணு பிதுங்கி, உடம்பு வில்லு மாதிரி வளைஞ்சு, ஒரே இடத்துல சுத்திச் சுத்தி நீந்துற மீனைப் பார்த்தா அது ஸ்ட்ரெப்டோகாக்கஸா இருக்கலாம். நெருக்கமான தொட்டியில வேகமாப் பரவும். அங்க தடுப்பூசி செலவுக்குக் கட்டும். உங்க குட்டையில ஏக்கருக்கு ரெண்டாயிரம் மீன் விட்டிருக்கும்போது சின்னாறு சொல்ற மாதிரி ஆக்சிஜனையும், அதோட மீன் உடம்புல ஒட்டிக் கடிக்கிற பேனையும் பார்த்தாலே நிறையச் சாவு குறையும். பேன் கடிச்ச ஓட்டை வழியாவும் ஏரோமோனாஸ் உள்ள போகுது.

தென்பெண்ணை:
அப்ப நீங்க அவங்க பக்கமா?

நாற்றங்கால் (பாரூர்):
குளத்துக்குக் குளம் பதில் மாறும் தம்பி. குத்தகைக்கு விட்ட ஏரியில நான் தடுப்பூசிக்கு ஒத்துக்கவே மாட்டேன். என் தொட்டியில நாளைக்கே போடுவேன்.

குட்டைக்காரன் (பாலக்கோடு):
எனக்கு மழை முடிஞ்சு குளிர் ஆரம்பிச்சா விரால்லயும் மிர்கால்லயும் வட்ட வட்டமா சிவப்புப் புண்ணு. கூட இருக்கிற சாதா கெண்டைக்கு ஒண்ணும் ஆகல. அதுக்கு இந்த மருந்து கேக்குமா?

நாற்றங்கால் (பாரூர்):
கேக்காது. நீங்க சொல்ற அடையாளம் புண்நோய் மாதிரி இருக்கு. அதுக்குக் காரணம் அஃபனோமைசிஸ்னு பூஞ்சை மாதிரி ஒண்ணு, பாக்டீரியா பின்னாடி வந்து ஒட்டிக்கும். அதுக்கு உங்க சுண்ணாம்புதான், ஆனா குளிருக்கு முன்னாடியே போடணும். செதில் தூக்கி, வயிறு உப்பி, ஆசனவாய் சிவந்திருந்தா அது வேற, ஏரோமோனாஸ் பக்கம். பார்வையில முடிவு பண்ண முடியாது. பரிசோதனைக்கு மீனைக் கொண்டு போங்க.

குட்டைக்காரன் (பாலக்கோடு):
செத்ததை ஐஸ்ல போட்டுக் கொண்டாறேன், ஆகுமா?

நாற்றங்கால் (பாரூர்):
செத்து நேரமான மீன்ல எந்தக் கிருமியும் வளர்ந்திருக்கும், எது கொன்னதுன்னு சொல்ல முடியாது. தள்ளாடிக்கிட்டு இருக்கிறதுல மூணு நாலு மீனைக் குஞ்சு பாக்கெட்டுலயே குளத்துத் தண்ணியோட ஆக்சிஜன் அடைச்சு, காலையில வெயிலுக்கு முன்னாடி கொண்டு போங்க. அதோட தனியா ஒரு பாட்டில்ல தண்ணி.