மறுமொழி: ‘உயிர்பண்பாட்டுப் பன்மை’ – ஒற்று வேண்டுமா?

அனைவருக்கும் வணக்கம்.

உயிரினங்களின் பன்மையையும் மக்கள் பண்பாட்டின் பன்மையையும் ஒன்றாகப் பார்க்கும் ‘biocultural diversity’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைப்பது என்பதுதான் கேள்வி. ‘உயிர்ப் பன்மையும் பண்பாட்டுப் பன்மையும்’ என்ற பரிந்துரையை ஏற்க எனக்குத் தயக்கம். அது இரண்டையும் தனித்தனியே எண்ணுகிறது. வேளாண்மையில் அவை அப்படிப் பிரிந்து நிற்பதில்லை.

மக்காச்சோளத்தைப் பாருங்கள். மெக்சிகோ பக்கத்துத் தொல்குடிகள் அதைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து அரைத்தார்கள். தானியத்துக்குள் உடலுக்கு எட்டாமல் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற பி வைட்டமின் அதனால் விடுபடும். வயலில் கூடவே பீன்சும் பூசணியும் வளர்ந்தன; உணவிலும் சேர்ந்தே வந்தன. அப்புறம் ஐரோப்பாவுக்கு விதை போனது, இந்தப் பக்குவம் போகவில்லை. மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெல்லக்ரா நோய் தாக்கியது. ஸ்பெயினில் 1735-இலேயே காஸ்பர் கசால் என்ற மருத்துவர் அந்த நோயைக் கண்டறிந்தார். அந்தத் துயரத்தை வெறும் ‘உயிர்ப் பன்மை’ என்ற சொல்லால் விளக்க முடியாது.

அதனால்தான் ‘உயிர்பண்பாட்டுப் பன்மை’ என்கிறேன். ‘ப்’ போட்டு ‘உயிர்ப்பண்பாடு’ என்றால் வேற்றுமைத்தொகையாகி, உயிரினது பண்பாடு என்று பொருள் திரியும். நமக்கு வேண்டியது ‘உயிரும் பண்பாடும்’ என்று ‘உம்’ மறைந்து நிற்கும் உம்மைத்தொகை. அதில் வல்லினம் மிகாது. வெற்றிலைபாக்கு என்பதுபோல இரண்டும் சேர்ந்தே ஒன்று. ஒற்றைத் திருத்திவிட வேண்டாம் என்று மெய்ப்புப் பார்ப்பவர்களிடம் சொல்லிவைப்போம்.

‘பன்மை’க்குப் பதிலாக நாளிதழ்களில் புழங்கும் ‘பெருக்கம்’ இங்கே பொருந்தாது. ஒரே பயிர் ஆயிரம் ஏக்கரில் நின்றாலும் பெருக்கம்தான். பன்மை இலக்கணச் சொல்லாயிற்றே என்று ஒருவர் கேட்டிருந்தார். சரி, ஆனால் பன்மை என்றதும் ஒருமை நினைவுக்கு வருகிறதே, அதுவே இங்கே பலம். உணவுக்காகப் பயிரிடப்படும் செடியினங்கள் சுமார் 6,000. உலகப் பயிர் விளைச்சலில் 66 விழுக்காடு வெறும் 9 இனங்களிலிருந்து வருவதாக ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 2019 அறிக்கை சொல்கிறது. ஒருமையை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

இந்தச் சொல்லுக்கான வரையறையில் ‘பல இனங்கள்’ என்று மட்டும் எழுதியிருப்பது போதாது. ‘இனங்களும் வகைகளும்’ என்று மாற்ற வேண்டும். பசிபிக் தீவு நாடான மைக்ரோனீசியாவின் ‘காரட்’ (Karat) என்ற வாழையில், கடைகளில் பரவலாக விற்கும் வெளிர்சதை வாழையைவிடப் பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து) பல மடங்கு அதிகம். பயிரின் பொதுப் பெயரை மட்டும் எண்ணினால் இரண்டும் வாழைதான். உடலுக்குக் கிடைப்பதோ ஒன்றல்ல.

‘உணவுப் பன்மை’யைத் தனிச்சொல்லாகவே வைத்துக்கொள்ளலாம். அது தட்டில் இருப்பதைக் குறிக்கும். ‘உயிர்பண்பாட்டுப் பன்மை’ வயலிலிருந்து சமையல் வரை உள்ளதைக் குறிக்கும். மரபு, உரிமை ஆகியவற்றோடு சேரும்போதும் ‘உயிர்பண்பாட்டு மரபு’, ‘உயிர்பண்பாட்டு உரிமை’ என இடறாமல் வருகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.