குடிய விட வைக்கிற வேலையில இன்னும் ஏன் இருக்கீங்க? உங்க அனுபவத்த சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். டெல்டா பக்கம் கிராமத்துல குடிய விடுறதுக்கு ஆலோசனை சொல்ற கவுன்சிலர், ஏழு வருசம் ஆச்சு. குடியால புருசன இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மா 1980ல சென்னையில குடிநோய்க்குன்னே ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாங்கல்ல, அவங்க ஆளுங்க 1989ல இருந்து மஞ்சக்குடியில முகாம் போடுறாங்க, ஊருக்குள்ளயே தங்க வச்சு வைத்தியம். அதப் பாத்துதான் எனக்கு இந்த ஆசையே வந்துச்சு.

எங்க ஊர்ல ஒருத்தர் கோயில்ல கயிறு கட்டிட்டு ஒரேடியா நிறுத்திட்டாரு. மூணாவது நாள் ராத்திரி கை கால் உதறல், செவுத்துல பூச்சி ஓடுதுன்னு ஒரே கத்தல், வீட்ல பேய்தான்னு கோடாங்கிய கூப்பிட ஆள் அனுப்பிட்டாங்க. பேயும் இல்ல ஒண்ணும் இல்ல, ரொம்ப நாள் குடிச்ச உடம்பு திடீர்னு நிறுத்துனா இப்படித்தான் ஆகும், உசுருக்கே ஆபத்துன்னு கெஞ்சி ஆட்டோல ஏத்தி ஜிஎச்சுக்கு கொண்டு போனோம், தயமின் ஊசி, ட்ரிப்ஸ்னு போட்டு அஞ்சாறு நாள்ல தேறிட்டாரு. எட்டு மாசம் தொடல. அப்புறம் ஒரு காதுகுத்துல மறுபடி ஆரம்பிச்சாச்சு.

அதுலேர்ந்து என் ஸ்கூட்டி சத்தம் கேட்டாலே வாய்க்கா பக்கம் எறங்கிடுவாரு. எனக்கு வெறுத்துப் போச்சு, சம்பளமும் நாலு மாசமா வரல, எழுதிக் குடுத்துட்டு போயிரலாம்னு இருந்தேன். அவரு சம்சாரம்தான் சொல்லுச்சு, "ஒளியுறாருன்னா இன்னும் வெக்கம் இருக்குல்லக்கா, விட்டுறாதீங்க"ன்னு. டவுன்ல டிஸ்சார்ஜ் ஆனா ஆள் எங்கன்னே தெரியாது, இங்க தினமும் பஸ் ஸ்டாப்ல மொகத்துல முழிக்கணுமே. இப்ப அஞ்சு மாசமா சுத்தமா இருக்காரு. தை மாசம் கல்யாண சீசன் வருது, பயமாத்தான் இருக்கு.

———

அக்கா நான் கல்வராயன் மலை அடிவாரம். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயத்துல 60 பேருக்கு மேல போனாங்கல்ல, அந்த மாசம் ஆம்பளைங்க அவங்களாவே தேடி வந்தாங்க, தீபாவளிக்குள்ள கூட்டம் கரைஞ்சிருச்சு. பொம்பளைங்க மட்டும் இன்னும் வர்றாங்க, மாமியாருக்குத் தெரியாம, ரேஷன் கடைக்குன்னு சொல்லிட்டு. சாம்பார்ல குடிய நிறுத்துற பொடி கலந்து குடுக்கவான்னு கேப்பாங்க, ஐயோ அதெல்லாம் வேணாம், அவருக்குத் தெரியாம எதுவும் குடுக்காதீங்கன்னு சொல்லவே ஒரு ஆள் இங்க வேணும். அதான் இருக்கேன்.

———

நான் குடிச்சுத் திருந்துனவன், ஒம்பது வருசம் ஆச்சு. உண்மைய சொல்லவா? இந்த வேலைதான் எனக்கு மருந்து. சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் என்னைத் தெரியும், இனிமே கடை வாசல்ல போய் நிக்க முடியுமா சொல்லுங்க 😄

யாரு வந்தாலும் மொதல்ல மாலை போட்டிருக்கீங்களான்னுதான் கேப்பேன். முக்காவாசிப் பேர் ஆமாம்பாங்க, ஒரு மண்டலம் தொடாம இருந்துட்டு மலையிலேர்ந்து வந்து மாலைய கழட்டுன அன்னைக்கே குடிச்சவங்கதான். நான் திட்ட மாட்டேன். "48 நாள் எப்படிண்ணே இருந்தீங்க, அதைக் கொஞ்சம் சொல்லுங்க"ம்பேன். அவரு சொல்லிட்டே இருப்பாரு, நான் டீ வாங்கிக் குடுத்துட்டு கேட்டுட்டே இருப்பேன்.