இண்டோ-1 கால்சியம் அளவீடு: கைனெடிக்ஸ் வளைவு ரம்பப்பல் மாதிரி வருகிறது, எப்படிச் சரிசெய்வது?

தைமஸ்_டி எழுதியது:

வணக்கம். மனித ரத்தத்திலிருந்து பிரித்த பிபிஎம்சி (ஒற்றைக்கரு வெள்ளையணு) செல்களில் டி செல் ஏற்பியைத் தூண்டி, கால்சியம் ஏறுவதை ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு ஒளியை அளக்கும் கருவி) அளக்கிறோம். கால்சியத்தைக் காட்டும் சாயம் இண்டோ-1 ஏஎம், 2 மைக்ரோமோலார், 37 டிகிரியில் 30 நிமிடம். 355 நானோமீட்டர் லேசர். ஒரு ட்யூபுக்கு 6 நிமிடப் பதிவு. முதல் 60 நொடி பேஸ்லைன். பிறகு ட்யூபைக் கழற்றி, ஏற்கெனவே ஓகேடி3 (டி செல் ஏற்பியோடு இணைந்த சிடி3-ஐப் பிடிக்கும் எலி ஆன்டிபாடி) பிடித்திருக்கும் செல்களில் ஆட்டின் ஆன்டி-மவுஸ் ஐஜிஜியை (எலி ஆன்டிபாடிகளை ஒன்றாகக் கட்டும் ஆன்டிபாடி) சேர்த்து, திரும்ப மாட்டுகிறோம். 300ஆவது நொடியில் அயனோமைசின் (ஏற்பியின் உதவியின்றியே செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றும் மருந்து), மில்லிக்கு 1 மைக்ரோகிராம்.

மொத்தம் நொடிக்கு 1000 செல் வரை ஓடுகிறது. எனக்கு வேண்டிய சிடி8 டி செல் உட்பிரிவு அதில் 15தான்.

ஃப்ளோஜோ மென்பொருளின் கைனெடிக்ஸில் (நேரத்தோடு வரும் மாற்றத்தைக் காட்டும் பகுதி) மீடியன் (நடுமதிப்பு) போட்டால் வளைவு ரம்பப்பல்லாக வருகிறது. ஸ்மூத்திங்கைக் கூட்டினால், மருந்து சேர்ப்பதற்கு முன்பே ஏற்றம் தொடங்கியது போலத் தெரிகிறது. அதே கோப்பை ஆர் மொழியில் திறந்தால் டைம் 36,000 வரை போகிறது. எதை நம்புவது? ட்யூப்களை ஒன்றோடொன்று ஒப்பிட எந்த எண்ணை எடுப்பது?

---

புள்ளிவலை எழுதியது:

முதலில் 36,000. அது பிழையில்லை. எஃப்சிஎஸ் கோப்பில் (சைட்டோமீட்டர் எழுதும் தரவுக் கோப்பு) டைம் என்பது நொடி அல்ல, கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கை. ஒரு துடிப்பு எத்தனை நொடி என்பது டைம்ஸ்டெப் என்ற கீவேர்டில் இருக்கும். உங்கள் கோப்பில் அது 0.01 ஆக இருக்க வேண்டும்: 36,000 × 0.01 = 360 நொடி, சரியாக உங்கள் 6 நிமிடம். ஃப்ளோஜோ இந்தப் பெருக்கலைத் தானே செய்துவிடுகிறது, ஆரில் நீங்கள் செய்ய வேண்டும். எல்லாக் கருவிகளும் 0.01 எழுதுவதில்லை. அதனால் எண்ணைக் கையால் போடாமல் ஒவ்வொரு கோப்பிலிருந்தும் கீவேர்டைப் படித்தே பெருக்குங்கள்.

இப்போது ரம்பப்பல். நொடிக்கு 15 செல் வைத்து மீடியன் எடுத்தால் அந்த மீடியனே ஆடும். பரவல் ஓரளவு இயல்பாக இருந்தால் மீடியனின் பிழை 1.25 × சிக்மா ÷ √செல் எண்ணிக்கை (சிக்மா என்பது செல்களின் மதிப்பு சிதறும் அளவு). 15 செல்லுக்கு அது சிக்மாவில் மூன்றில் ஒரு பங்கு. 5 நொடியை ஒரு கட்டாக எடுத்தால் 75 செல், பிழை ஏழில் ஒரு பங்காகக் குறையும். ஸ்மூத்திங்கைத் தொடுவதற்கு முன் கட்டின் அகலத்தை முடிவு செய்யுங்கள். அதைவிட நல்ல வழி, செல்லின் அடர்த்தியையே இப்போதைவிட மூன்று மடங்கு ஆக்கி அதே வேகத்தில் ஓட்டுவது. நொடிக்கு 45 கிடைக்கும், 2 நொடிக் கட்டே போதும். ஃப்ளோ வேகத்தை மட்டும் கூட்டினால் சாம்பிள் ஓட்டம் தடித்து, அளவீட்டின் பரவலும் கூடும்.

முன்கூட்டியே ஏறுவது போலத் தெரிவதற்குக் காரணம் இடைவெளி. ட்யூபைக் கழற்றிய 8-10 நொடியில் செல்லே இல்லை. நகரும் சராசரியோ காஸியனோ இரண்டு கரையிலும் உள்ள மதிப்புகளைக் கலந்து அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும். பின்னால் வந்த ஏற்றம் முன்னால் கசிந்து நிற்கும். ஆகவே இடைவெளிக்கு முன், பின் என்று தனித்தனியாக ஸ்மூத் செய்யுங்கள். ஃப்ளோஜோவில் இப்படிப் பிரிக்க எளிய வழி, டைம் அச்சில் இரண்டு கேட் (தெரிவு எல்லை) போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனியாக கைனெடிக்ஸ் திறப்பது. ஆரில் இன்னும் சுலபம். வளைவுக்குக் கீழே, ஒவ்வொரு கட்டிலும் எத்தனை செல் என்று ஒரு பட்டைப் படம் வரையுங்கள். அது சுழியாகும் இடமே இடைவெளி.

கோப்பைப் படிக்கும்போது ட்ரான்ஸ்ஃபர்மேஷனையும், அதிகபட்ச எல்லையில் வெட்டும் தெரிவையும் அணைத்துவிடுங்கள். ரேஷியோவை (கால்சியம் பிடித்த இண்டோ-1-இன் ஒளி ÷ பிடிக்காததன் ஒளி) ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு, அதன் பிறகு மீடியன். இரண்டு சேனலின் மீடியனையும் எடுத்து வகுத்தால் வேறு விடை வரும்.

ஒரு எச்சரிக்கை, இதில் நிறையப் பேர் சிக்குகிறார்கள். ஃப்ளோஏஐ, பீக்கோக்யூசி போன்ற தானியங்கிச் சுத்திகரிப்பை இண்டோ-1 சேனல்களில் ஓட்டவே கூடாது. நேரம் போகப்போக சிக்னல் மாறினால் அதைக் கோளாறு என்று வெட்டுவதுதான் அவற்றின் வேலை. இங்கே அந்த மாற்றம்தான் உங்கள் விடை. வேண்டுமானால் ஸ்கேட்டர் (செல்லில் பட்டுச் சிதறும் ஒளி) சேனல்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

---

நீர்க்குமிழி எழுதியது:

மென்பொருளால் சரிசெய்ய முடியாத சிலவற்றைச் சொல்கிறேன்.

ஆன்டி-மவுஸ் ஐஜிஜி ஓகேடி3-ஐ மட்டும் பிடிக்காது. சிடி8, சிடி45ஆர்ஏ என்று நீங்கள் மேலே ஒட்டியிருக்கும் ஆன்டிபாடிகளும் எலியிலிருந்து வந்தவை என்றால் அவற்றையும் சேர்த்து இழுத்துக் கட்டும். சிடி3-யும் சிடி8-ம் ஒன்றாகக் கட்டப்பட்டால் அதனாலேயே சிக்னல் கூடுதலாக ஏறும். அப்போது உட்பிரிவுகளுக்கு இடையே தெரியும் வித்தியாசம் சாய ஆன்டிபாடியால் வந்ததா, செல்லால் வந்ததா என்று பிரிக்க முடியாது. பயோட்டின் ஒட்டிய ஓகேடி3, அதைக் கட்ட ஸ்ட்ரெப்டாவிடின் (பயோட்டினை மட்டும் இறுகப் பிடிக்கும் புரதம்) என்று மாற்றுங்கள். பேனலில் (நீங்கள் சேர்க்கும் சாய ஆன்டிபாடித் தொகுப்பு) வேறு பயோட்டின் இருக்கக் கூடாது.

பஃபரில் கால்சியம் இருக்கிறதா? வழக்கமான ஸ்டெயினிங் பஃபரில் ஈடிடிஏ இருக்கும், அது கால்சியத்தை விழுங்கிவிடும். வளைவைப் பார்த்தே இதைப் பிடிக்கலாம்: ஊசி மாதிரி ஒரு ஏற்றம், உடனே பேஸ்லைனுக்கு இறக்கம். உள் சேமிப்பிலிருந்து வெளியானது மட்டும் தெரிகிறது, வெளியிலிருந்து வர எதுவும் இல்லை என்று பொருள். கால்சியம் உள்ள ஹாங்க்ஸ் கரைசலில் 1.26 மில்லிமோலார் இருக்கும், அது போதும்.

ட்யூபைத் திரும்ப மாட்டியதும் அழுத்தம் நிலைப்பட சில நொடி ஆகும். அந்த நேரத்தில் செல்கள் ஓடும் வேகம் மாறி, லேசர்களுக்கு இடையிலான தாமதக் கணக்கு பிசகும். இண்டோ-1-இன் இரண்டு சேனலும் ஒரே லேசரில் இருப்பதால் ரேஷியோ ஓரளவு தப்பிக்கும். சிவப்பு லேசரில் இருக்கும் சிடி8 தப்பிக்காது. கேட்டுக்குள் செல் குறைந்து போய், அந்த நொடிகளில் வளைவு குதிக்கும். மாட்டிய பின் வரும் முதல் 5 நொடியைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுங்கள். குழாயில் தங்கியிருந்த தூண்டப்படாத செல்களும் அதோடு போய்விடும்.

சேர்க்கும் மருந்து 1 மைக்ரோலிட்டராக இருந்தால் கலக்காது. 10 மடங்கு அடர்த்தியில் தயாரித்து, 900-க்கு 100 மைக்ரோலிட்டர் சேருங்கள், அதுவும் 37 டிகிரியில். குளிர்ந்ததைச் சேர்த்தால் ஏற்றம் மந்தமாகும்.

இண்டோ-1-இன் இரண்டு சேனலுக்கும் இடையே காம்பன்சேஷன் (ஒரு சாயத்தின் ஒளி இன்னொன்றின் சேனலில் கசிவதைக் கழிக்கும் திருத்தம்) போடாதீர்கள். ஒரே சாயம்தான், கால்சியம் பிடித்தது 400 நானோமீட்டர் பக்கம், பிடிக்காதது 480 பக்கம் ஒளிர்கிறது. பேனலில் பிவி421 சாயம் இருந்தால் எடுத்துவிடுங்கள், 355 லேசரிலும் அது ஒளிர்ந்து முதல் சேனலைக் கெடுக்கும்.

---

தைமஸ்_டி எழுதியது:

மிக்க நன்றி இருவருக்கும். சிடி8 ஆன்டிபாடி எலியுடையதுதான், அதை நான் யோசிக்கவே இல்லை. 5 நொடிக் கட்டு போட்டதும் வளைவு தெளிந்துவிட்டது. ஆனால் ஒரு கொடையாளரின் செல்களில் மீடியன் அசையவே இல்லை. அயனோமைசினுக்கு மட்டும் நன்றாக ஏறுகிறது. தூண்டலே வேலை செய்யவில்லை என்று எழுதிவிடலாமா?

---

புள்ளிவலை எழுதியது:

அவசரப்படாதீர்கள். வளைவை மூடிவிட்டு, கிடைமட்டத்தில் டைம், செங்குத்தில் ரேஷியோ என்று புள்ளிப் படத்தைப் பாருங்கள். 30 சதவீத செல்கள் மட்டும் பதில் தந்தால் மீடியன் ஏறக்குறைய அங்கேயேதான் நிற்கும். படத்தில் கீழே ஒரு அடர்ந்த பட்டையும் மேலே ஒரு மெல்லிய மேகமும் தெரியும்.

அப்படி இருந்தால் மீடியனை விட்டுவிடுங்கள். பேஸ்லைன் 60 நொடியின் 95ஆவது பெர்சென்டைலை வரம்பாக வைத்து, ஒவ்வொரு கட்டிலும் அதற்கு மேல் எத்தனை சதவீதம் என்று வரையுங்கள். பேஸ்லைனில் 5 சதவீதம் இருக்கும், அதற்கு மேல் ஏறுவது பதில். வரம்பை ஒவ்வொரு ட்யூபுக்கும் அதன் சொந்த பேஸ்லைனிலிருந்தே எடுங்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு செல்லும் லேசரை ஒரே முறைதான் கடக்கும். 120ஆவது நொடியில் பார்த்த செல் 121-இல் இல்லை. அதனால் தட்டையான உச்சியைப் பார்த்து ‘கால்சியம் நிலையாக நிற்கிறது’ என்று எழுத முடியாது. செல்கள் தனித்தனித் தாளத்தில் ஏறி இறங்கினாலும் மொத்தத்தில் அதே தட்டை உச்சிதான் கிடைக்கும். அதைப் பிரித்துச் சொல்ல மைக்ராஸ்கோப் வேண்டும்.

ட்யூப்களை ஒப்பிட, ரேஷியோவிலிருந்து பேஸ்லைன் மீடியனைக் கழித்து, அதே ட்யூபின் அயனோமைசின் உச்சத்துக்கும் பேஸ்லைனுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். அந்த வளைவுக்குக் கீழே 75 முதல் 290 நொடி வரையான பரப்பு ஒரு எண், உச்சிக்கு எடுத்த நேரம் இன்னொரு எண். நேரத்தை ட்யூப் மாட்டிய கணத்திலிருந்தல்ல, மருந்து சேர்த்த கணத்திலிருந்து எண்ணுங்கள். அந்தக் கணத்தை நோட்டில் குறித்து வைப்பது அவசியம், கோப்பில் அது இருக்காது.

---

நீர்க்குமிழி எழுதியது:

இதோடு ஒன்று: அயனோமைசின் உச்சத்தில் செல்கள் ரேஷியோ அச்சின் மேல் விளிம்பில் ஒட்டிக் குவிந்திருந்தால் அந்த வகுத்தல் செல்லாது. ஃப்ளோஜோவில் ரேஷியோவை டிரைவ்ட் பாராமீட்டராக (மற்ற சேனல்களிலிருந்து கணக்கிடும் புது அளவாக) உருவாக்கும்போது அச்சை லீனியராக வைத்து அதிகபட்சத்தைக் கூட்டிப் பாருங்கள். குவியல் கலைந்தால் அது வெறும் அச்சுப் பிரச்சினை. கலையாவிட்டால் 400 சேனலே நிரம்பி வழிகிறது. அடுத்த முறை அயனோமைசின் ட்யூபை முதலில் ஓட்டி, அதை வைத்து அந்தச் சேனலின் டிடெக்டர் வோல்டேஜைக் குறைத்துவிட்டு மற்ற ட்யூப்களுக்குப் போங்கள்.