அபராதம் போட்டால் திருந்துவார்களா, இருக்கிற கூச்சமும் போய்விடுமா?

வழிப்போக்கன்:
இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஆய்வு இது. க்னீஸி, ருஸ்டிகினி என்ற பொருளியலாளர்கள் இருவர் 2000-ல் வெளியிட்டார்கள். பிள்ளையை அழைத்துப்போகப் பெற்றோர் தாமதமாக வந்தால் யாராவது ஓர் ஆசிரியை காத்துக் கிடக்க வேண்டும். அதற்காக 6 காப்பகங்களில் 10 ஷெக்கல் அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானது! அதுவரை மூச்சிரைக்க ஓடிவந்து மன்னிப்புக் கேட்டவர், "அதான் காசு கட்டுகிறோமே" என்று ஆற அமர வரத் தொடங்கிவிட்டார். அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. எதற்கெடுத்தாலும் ஊக்கத்தொகை, அபராதம் என்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வீர்கள்?

கணக்கன்:
10 ஷெக்கல் சொற்பத் தொகை ஐயா. 200 போட்டிருந்தால் அத்தனை பேரும் ஐந்து நிமிடம் முன்னதாகவே வாசலில் நின்றிருப்பார்கள். தப்பு விலையில், விலை வைத்ததில் இல்லை.

பழையபேனா:
பொருளியலின் தந்தை எனப்படும் ஆடம் ஸ்மித் 1776-லேயே சொல்லிவிட்டார்: கசாப்புக்காரரின் கருணையால் நமக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை, அவருடைய சுயநலத்தால் கிடைக்கிறது. முடிந்தது கதை.

வழிப்போக்கன்:
முடியவில்லை. அதே மனிதர் 1759-ல் அறவுணர்வுகளைப் பற்றி எழுதிய நூலை, இறந்த ஆண்டான 1790 வரை திருத்திக்கொண்டே இருந்தார். அதை ஏனோ யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

ரத்ததானத்தையும் பாருங்கள். காசு கொடுத்து ரத்தம் வாங்கினால் தரமும் கெடும், தானாகக் கொடுப்பவர்களும் ஒதுங்கிவிடுவார்கள் என்று டிட்மஸ் என்ற பிரிட்டிஷ் சமூக ஆய்வாளர் 1970-லேயே எழுதினார்.

கணக்கன்:
எழுதினார், சரி. அதன்பிறகு கொடையாளிகளுக்குப் பரிசு அட்டை, சட்டை என்று கொடுத்தே பார்த்த கள ஆய்வுகள் வந்தன. அவற்றைத் தொகுத்து 2013-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. பெரும்பாலான ஊக்கங்கள் தானத்தைக் கூட்டத்தான் செய்தன. அறம் பேசுகிறவர்களுக்குப் பழைய ஆய்வுகள்தான் பிடிக்கும்போல.

இன்னொன்று. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி. விழுமியங்களைப் பற்றிக் கையேடே போட்டு ஊழியர்களுக்குக் கொடுத்த வங்கி அது. கூடவே, ஒரு வாடிக்கையாளர் தலையில் கணக்கு, அட்டை, கடன் என்று மொத்தம் எட்டைக் கட்டச் சொல்லி இலக்கும் வைத்தது. ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குத் திறந்தார்கள். 2016-ல் 18.5 கோடி டாலர் அபராதம், அதற்குள் சுமார் 5,300 பேருக்கு வேலை போயிருந்தது. கையேடு என்ன கிழித்தது? இலக்குதான் ஜெயித்தது.

வழிப்போக்கன்:
அந்த இலக்கை வைத்தது யார்? உங்கள் ஆட்கள்தானே!

இரவுப்பணி:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் மூன்று வருடம் வாடிக்கையாளர் சேவை மையத்தில் இருந்தவன். அழைப்பு சராசரி நான்கு நிமிடம் தாண்டினால் அந்த மாத போனஸ் போச்சு. ஒருநாள் ஒரு வயதான அம்மா. ஒவ்வொரு எண்ணாகப் படித்துக் காட்டுகிறார், நடுவில் கண்ணாடியைத் தேடுகிறார். திரையில் மூன்று நிமிடம் நாற்பது நொடி. "ஹலோ, குரல் விட்டு விட்டு வருதும்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். குரல் தெளிவாகத்தான் கேட்டது.

கணக்கன்:
நான் சொல்வதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அளந்தது தப்பு. நேரத்தை அளக்காமல், பிரச்சினை தீர்ந்ததா என்று அளந்திருந்தால் நீங்கள் போனை வைத்திருக்க மாட்டீர்கள்.

இரவுப்பணி:
அதையும் செய்தார்கள் சார். பேசி முடித்ததும் வாடிக்கையாளர் ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். கோபமாகப் பேசுகிறவர் என்று தெரிந்தால் மதிப்பெண் கேட்பதற்குள் வேறு ஆளிடம் தள்ளிவிடக் கற்றுக்கொண்டோம். எங்கள் குழுவில் ஒரு பெண் மட்டும் யாரையும் தள்ளிவிட மாட்டார். மாதாமாதம் பட்டியலில் கடைசி. நாங்கள் தள்ளியதில் பாதி அவரிடம்தான் போய் விழுந்தது.

வழிப்போக்கன்:
அந்தப் பெண்ணுக்கு என்ன ஊக்கத்தொகை, கணக்கன்?

கணக்கன்:
ஒன்றும் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். அவர் எத்தனை நாள் அங்கே தாக்குப்பிடித்தார் என்பதையும் கேளுங்கள்.

இரவுப்பணி:
ஏழு மாதம்.